ஆன்லைனில் ஹோலிஸ்டிக் சமூகப்பணி முனைவர் பட்டம்: பரந்த துறையில் ஒரு சின்னக் கேள்வி

ஹோலிஸ்டிக் சமூகப்பணியில் ஆன்லைனில் முனைவர் பட்டம் செய்கிறேன் என்று சொன்னபோதெல்லாம் எனக்கு இரண்டு கேள்விகள்தான் வந்தன. யோகாவும் தியானமும் சொல்லிக்கொடுக்கிற படிப்பா என்பது ஒன்று. ஆன்லைன் பட்டம் செல்லுமா என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்தத் துறையின் பெயரில் நடக்கிற வியாபாரத்தைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். படித்து முடித்த பிறகு யோசித்தால், இந்த இரண்டையும்விட முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. மனிதனை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற ஒரு துறையில், கத்தி முனை அளவுக்கு ஒடுங்க வேண்டிய ஓர் ஆய்வை எப்படிச் செய்வது? என் படிப்புக் காலம் முழுக்க இந்த இழுபறிதான்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். மனிதனை அவன் சூழலோடு சேர்த்துப் பார்ப்பது சமூகப்பணிக்குப் புதிதல்ல. 1917இலேயே அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட், ஒருவரின் பிரச்சினையைப் புரிந்துகொள்ள அவர் குடும்பம், வேலை, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் விசாரிக்கும் முறையை எழுதி வைத்துவிட்டார். 1977இல் ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் நோயை உடல், மனம், சமூகம் என்ற மூன்று தளங்களிலும் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். 1980இல் கேரல் ஜெர்மெய்னும் அலெக்ஸ் கிட்டர்மனும் மனிதருக்கும் சூழலுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை மையமாக வைத்து ஒரு பணிமுறையே வகுத்தார்கள். இவற்றோடு ஆன்மிகத் தளத்தையும் சேர்த்துக்கொண்டதுதான் இப்போது ஹோலிஸ்டிக் என்று அழைக்கப்படுகிறது. எட்வர்ட் காண்டா போன்றவர்கள் அமெரிக்காவிலும், சிசிலியா சான் குழுவினர் ஹாங்காங் பல்கலைக்கழகத்திலும் இதைப் பாடமாகவும் பயிற்சியாகவும் வளர்த்தார்கள். மூச்சுப்பயிற்சியும் மனம் ஒன்றிய தியானமும் இதில் வருகின்றன. ஆனால் கருவிகளாகத்தான் வருகின்றன.

எனக்கு இந்தத் துறைக்குள் வழி காட்டியவர் சிசிலி சாண்டர்ஸ். நான் வேலை செய்வது வலிதணிப்பு சிகிச்சைக் குழுவில். தீராத நோயோடு வீட்டில் இருப்பவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தாரையும் சந்திப்பது என் பணி. சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப்பணியாளர், அதற்கும் பிறகு படித்து டாக்டர் ஆனவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தை, தொடங்கினார். வலி என்பது உடல், மனம், சமூகம், ஆன்மிகம் நான்கிலும் சேர்ந்தே இருப்பது, அதை 'முழு வலி' என்று பார்க்க வேண்டும் என்றார். மூன்று வேலைகளையும் தானே செய்து பார்த்த ஒருவர் சொன்னது என்பதால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை அதிகம்.

பட்டம் செல்லுமா என்பதற்கு நீளமான பதில் வேண்டும். பலரும் பணத்தைக் கட்டிய பிறகுதான் இதை விசாரிக்கிறார்கள்.

சமூகப்பணியில் முனைவர் பட்டம் இரண்டு வகை. பிஎச்.டி. ஆய்வுக்கானது. புதிதாக ஓர் அறிவைச் சேர்க்க வேண்டும், அதை முறைப்படி நிறுவ வேண்டும். டிஎஸ்டபிள்யூ என்ற டாக்டர் ஆஃப் சோஷியல் ஒர்க் களப்பணியில் இருப்பவர்களுக்கானது. களத்தில் இருக்கும் ஒரு சிக்கலுக்கு ஆய்வின் துணையோடு தீர்வு வடிவமைப்பது அதன் நோக்கம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2007இல் இந்த இரண்டாம் வகையைப் புது வடிவில் தொடங்கியது. அப்புறம் பல இடங்களில் வந்தது, ஆன்லைனில் அதிகம் கிடைப்பதும் இதுதான். அங்கே சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் தரும் சிஎஸ்டபிள்யூஇ அமைப்பு டிஎஸ்டபிள்யூ படிப்புகளுக்குத் தரநிலை வகுத்ததே 2020இல்தான். பிஎச்.டி.க்கு அந்த அமைப்பு அங்கீகாரம் தருவதில்லை. அங்கே பல்கலைக்கழகத்துக்கு உள்ள அங்கீகாரம்தான் கணக்கு. ஆகவே 'சிஎஸ்டபிள்யூஇ அங்கீகாரம் பெற்ற பிஎச்.டி.' என்று யாராவது விளம்பரம் செய்தால் அதுவே ஓர் எச்சரிக்கை மணி.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இந்தியாவில் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்புகளான யுஜிசியும் ஏஐசிடிஇயும் சேர்ந்து 2022 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டன. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கூட்டு என்று சொல்லி எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனிகள் விளம்பரம் செய்கிற ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்றது அந்த அறிவிப்பு. பட்டம் வாங்கிய நாட்டில் செல்லும், வேலை தேடும் நாட்டில் செல்லாது என்ற நிலை சாதாரணமாக வரும். நீங்கள் அந்தப் பட்டத்தை எங்கே காட்டப் போகிறீர்களோ, அங்கே இருக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியின் இணையதளம் சொல்வது பதில் ஆகாது. அட்மிஷன் கவுன்சலர் போனில் சொல்வது அதைவிடக் கீழ்.

இன்னொன்று, முனைவர் பட்டம் தொழில் உரிமம் ஆகாது. நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் சிகிச்சை சார்ந்த ஆலோசனை தர உரிமம் கேட்கும் இடங்களில், அதற்கு அடிப்படை முதுகலைப் பட்டமும் மேற்பார்வையில் செய்த களப்பயிற்சி மணிகளும்தான். அமெரிக்காவின் எம்எஸ்டபிள்யூ என்ற சமூகப்பணி முதுகலையில் களப்பயிற்சி மட்டும் குறைந்தது 900 மணி நேரம். முதுகலையில் களம் காணாமல் வந்தவருக்கு முனைவர் பட்டம் அந்த இடத்தை நிரப்பித் தராது.

'ஹோலிஸ்டிக்' என்று பெயர் இருப்பதால் போலிகளும் இங்கே கொஞ்சம் அதிகம். வாழ்க்கை அனுபவத்துக்கே பட்டம் தருகிறோம் என்பவர்கள், நெறியாளர்களின் பெயரை வெளியிடாதவர்கள், ஆய்வேடு இல்லாமல் சில வாரங்களில் முடிக்கலாம் என்பவர்கள், தாங்களே ஓர் அங்கீகார அமைப்பை உருவாக்கி அதன் முத்திரையைத் தாங்களே குத்திக்கொள்பவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். நான் பார்த்த வழி எளிது. அந்தத் துறையில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகளைக் கேட்டேன். உண்மையான பல்கலைக்கழகத்தில் அவை பெரும்பாலும் நூலகத் தளத்திலேயே இருக்கும். இரண்டு மூன்றைத் திறந்து முறையியல் அத்தியாயத்தைப் படித்தாலே இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

சரி, சேர்ந்தாயிற்று. இனி அந்த இழுபறிக்கு வருகிறேன்.

நான் கொண்டுபோன தலைப்பில் எல்லாம் இருந்தது. வீட்டில் இறுதிக்கட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரின் தூக்கம், பொருளாதாரம், உறவுச் சிக்கல், நம்பிக்கை, அவர்களுக்கான மூச்சுப்பயிற்சி, குழு ஆலோசனை. ஹோலிஸ்டிக் துறையில் முன்மொழிவு எழுதுகிற எவரும் இப்படித்தான் தொடங்குவார்கள். துறையே அதைத்தானே சொல்லித்தருகிறது? என் நெறியாளர் முதல் வீடியோ சந்திப்பில் முழுதாகக் கேட்டுவிட்டு, "இதில் ஆறு ஆய்வேடு இருக்கிறது. உங்களுடையது எது?" என்றார்.

இந்த இடத்தில்தான் ஆன்லைன் படிப்பின் குணம் தெரிய ஆரம்பித்தது. வளாகத்தில் படிக்கிறவருக்குத் தலைப்பு ஒடுங்குவது பேச்சுவாக்கில் நடக்கும். நூலக வாசலில் சீனியர் ஒருவர் சிரிப்பார், கருத்தரங்கில் ஒருவர் குறுக்கிடுவார், தேநீர் நேரத்தில் ஒரு பேராசிரியர் புருவம் உயர்த்துவார். ஆன்லைனில் இவை எதுவும் கிடையாது. உங்கள் கோப்பு உங்கள் கணினியில் தன்னிஷ்டத்துக்கு வளர்ந்துகொண்டே போகும். போதும் என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. அந்த ஆளை நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு உதவியது வேலையிடத்துக் கேஸ் ஃபைல்கள். முன்மொழிவை ஓரமாக வைத்துவிட்டு, முதல் சந்திப்புப் படிவங்களை ஒரு சமூகப்பணியாளராக மட்டும் திரும்பப் பார்த்தேன். உடல்நிலைக்கு அரைப் பக்கம். வருமானம், கடன், வீட்டில் எத்தனை பேர் என்பதற்கு விரிவான கட்டங்கள். ஆன்மிகத் தேவை என்ற கட்டத்தில் மதத்தின் பெயர் மட்டும் ஒற்றைச் சொல்லாக இருந்தது, அல்லது ஒரு கோடு. ஆனால் அந்த வீடுகளில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். 'நான் என்ன பாவம் செய்தேன்', 'இவர் போன பிறகு நான் எதற்கு', 'கடவுளிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்' என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசியவர்கள் அவர்கள். பேச்சு நடந்திருக்கிறது, பதிவில் இல்லை. ஏன்?

என் ஆய்வுக் கேள்வி அதுதான். வலிதணிப்புச் சமூகப்பணியாளர்கள் பராமரிப்பாளர்களின் ஆன்மிகப் பேச்சைக் கேட்ட பிறகு அதைப் பதிவில் என்ன செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள்? மூச்சுப்பயிற்சி போனது, குழு ஆலோசனை போனது, தூக்கம் போனது. சின்னக் கேள்விதான், ஆனால் முழு மனிதனைப் பார்க்கிறோம் என்று சொல்லும் ஒரு துறை எந்த இடத்தில் கை நழுவ விடுகிறது என்பதை அது காட்டிக்கொடுத்தது. கேட்பதற்குக் கருவி இல்லாமலும் இல்லை. கிறிஸ்டினா புகால்ஸ்கி என்ற மருத்துவர் உருவாக்கிய ஃபிகா என்ற கேள்வி வரிசை இருக்கிறது. உங்கள் நம்பிக்கை என்ன, அது எவ்வளவு முக்கியம், அதில் உங்களோடு யார் இருக்கிறார்கள், நாங்கள் அதை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று நான்கே படிகள். சில நிமிடங்களில் முடியும். சிக்கல் கேட்பதில் இல்லை, கேட்டதற்குப் பிறகு வருவதில் இருந்தது.

தலைப்பு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது, கோட்பாட்டிலிருந்து கீழே இறங்காதீர்கள் என்பது. வேலையில் தினமும் கையில் படும் ஒரு படிவம், ஒரு கூட்டம், ஒரு வழக்கம் ஆகியவற்றிலிருந்து மேலே ஏறுங்கள். முழுமைப் பார்வையை விளக்கத்தில் கொண்டுவரலாம், கேள்வியில் திணிக்கக் கூடாது.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவின் அனுமதிதான் அடுத்த மலை. வேலை செய்யும் இடத்திலேயே ஆய்வு என்றால் குழுவின் கண் கூர்மையாகிவிடும், ஆகவும் வேண்டும். நான் பார்த்துக்கொள்ளும் குடும்பத்திடமே 'என் ஆய்வில் பங்கேற்கிறீர்களா' என்று கேட்டால், சிகிச்சை நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவர்கள் தலையாட்டுவார்கள். அது சம்மதம் ஆகாது. எனவே என் கவனிப்பில் இருந்த குடும்பங்களை விலக்கினேன். பேட்டிக்கான அழைப்பை வேறு ஒருவர் மூலம் அனுப்பச் செய்தேன். என்னோடு வேலை செய்யும் சக ஊழியர்களையும் தவிர்த்து, வேறு நிறுவனங்களின் சமூகப்பணியாளர்களிடம் போனேன். ஆன்லைன் பேட்டி என்பதால் இன்னும் சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. பதிவு எந்தச் சர்வரில் சேமிக்கப்படுகிறது, யார் திறக்க முடியும், எப்போது அழிக்கப்படும் என்று எழுதித் தர வேண்டும். பேட்டி நடுவே ஒருவர் உடைந்து அழுதால் கணினித் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான் என்ன செய்வேன் என்பதற்கும் திட்டம் வேண்டும். அவர் ஊரிலேயே உதவிக்கு அழைக்கக்கூடிய ஓர் எண்ணைப் பேட்டிக்கு முன்பே இருவருமாகக் குறித்துவைத்துக்கொண்டோம். இந்த அனுமதிக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதைப்போல இரு மடங்கு ஒதுக்குங்கள்.

நெறியாளரோடு உறவு என்பது ஆன்லைனில் முழுக்க முழுக்க எழுத்து. நேரில் பார்க்கும்போது முகம் சொல்வதைத் திரை சொல்லாது. நான் வைத்துக்கொண்ட முறை இது: சந்திப்புக்கு இரண்டு நாள் முன் சில பக்கங்கள், அதோடு பதில் வேண்டிய கேள்விகள் மூன்றுக்கு மேல் போகாமல். சந்திப்பு முடிந்த அன்றே 'நாம் முடிவு செய்தவை' என்று ஐந்தாறு வரியில் ஒரு மின்னஞ்சல். இது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் படிப்பின் நடுவில் என் இரண்டாவது நெறியாளர் வேறு இடத்துக்குப் போய்விட்டார், பல்கலைக்கழகம் மாதக்கணக்கில் மாற்று ஆளை நியமிக்கவில்லை. புதியவர் வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டிய நிலையை அந்த மின்னஞ்சல்கள்தான் தவிர்த்தன. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட முறையியலை அவர் கலைக்க நினைத்தபோதும் அவைதான் என் பக்கம் நின்றன.

பேட்டிகளை எழுத்தாக்குவது பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பிடிக்கும். மென்பொருள் உதவும், ஆனால் தயக்கத்தையும் மௌனத்தையும் அது தின்றுவிடும். எனக்கு வேண்டியதே அந்தத் தயக்கம்தான். பகுப்பாய்வுக்கு விர்ஜினியா பிரானும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் விவரித்த ஆறு கட்டக் கருப்பொருள் பகுப்பாய்வை, அதாவது பேட்டிகளில் உள்ள பொதுவான கருத்து இழைகளைத் தொகுக்கும் முறையை, எடுத்துக்கொண்டேன். சமூகப்பணி மாணவர்களில் பலர் இதைத்தான் எடுக்கிறார்கள், எளிது என்று நினைத்து. எளிது இல்லை. கருப்பொருள்கள் தரவிலிருந்து தானாக 'வெளிப்பட்டன' என்று எழுதுவதை பிரானும் கிளார்க்குமே கடுமையாக மறுக்கிறார்கள். ஆய்வாளர்தான் உருவாக்குகிறார், எப்படி உருவாக்கினார் என்று அவர் சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஆகவே முடிவெடுத்த ஒவ்வொரு முறையும் ஏன் என்று ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதினேன். ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் பாதி அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்தது. எத்தனை பேட்டி போதும் என்ற கேள்வி வரும். மால்டெருட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2016இல் எழுதிய 'தகவல் வலிமை' என்ற கருத்தைப் படித்துவையுங்கள். கேள்வி குறுகலாக, பங்கேற்பாளர்கள் பொருத்தமானவர்களாக, உரையாடல் ஆழமாக இருந்தால் குறைந்த எண்ணிக்கையே போதும் என்பது அதன் சாரம். தலைப்பை ஒடுக்கியதன் பலன் இங்கேயும் கிடைத்தது.

அப்புறம் ஒரு விஷயம். இந்தத் துறையின் தரவு கனமானது. மரணம், கைவிடப்படுதல், குற்ற உணர்ச்சி எல்லாவற்றையும் பகலில் வேலையில் கேட்டுவிட்டு, இரவில் காதில் ஹெட்ஃபோனோடு அதையே திரும்பத் திரும்பக் கேட்பது சாதாரண விஷயம் இல்லை. பிறர் துயரைத் தொடர்ந்து கேட்பவரின் உலகப் பார்வையே மாறிப்போவதை மெக்கான், பெர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் விவரித்திருக்கிறார்கள். வகுப்பில் பாடமாகப் படித்தாலும் நமக்கு நடக்கும்போது அதை அடையாளம் காண்பது தாமதமாகத்தான். பேட்டிகளை இரவில் கேட்பதில்லை என்று விதி வைத்தேன். ஒரே நாளில் இரண்டு பேட்டிகள் வைக்கவில்லை. என் மன நிலையைப் பேச, நெறியாளர் அல்லாத ஒரு மூத்த சமூகப்பணியாளரை அவ்வப்போது சந்தித்தேன். நெறியாளரிடம் இதைப் பேசலாமே என்பார்கள். மதிப்பெண் போடுகிறவரிடம் மனம் முழுசாகத் திறக்காது.

வேலையோடு படிப்பதற்கு என்ன நேர அட்டவணை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய ரகசியம் இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் எழுத்து, வார இறுதியில் ஒரு பாதி நாள் வாசிப்பு. வாசித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரி: கேள்வி, முறை, கண்டது, எனக்கு எங்கே உதவும். மேற்கோள்களை நிர்வகிக்கும் சொட்டேரோ (Zotero) மென்பொருள் இலவசம், முதல் நாளே போட்டுவிடுங்கள். வாசிக்க முடியாமல் பூட்டப்பட்ட கட்டுரைகளுக்கு நூலகருக்கு எழுதினால் வாங்கித் தருவார். ஆன்லைன் மாணவர்கள் நூலகரை மறந்தே போகிறார்கள், அவர்தான் அந்த நிறுவனத்தில் உங்களுக்கு மிகவும் பயன்படப்போகிற ஆள். என்னோடு படித்த சிலரும் நானும் சேர்ந்து, கேமராவை ஆன் செய்து மைக்கை அணைத்துவிட்டு ஒரே நேரத்தில் எழுத உட்காருவோம். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் பேச்சு. தலைப்பு வீங்குகிறது என்று எனக்கு அடிக்கடி சொன்னது இந்தக் கூட்டம்தான்.

சில ஆன்லைன் படிப்புகளில் ஆண்டுக்குச் சில நாள் நேரில் வரச் சொல்வார்கள். விடுப்பையும் பயணச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டண விவரத்தில் அது பெரும்பாலும் இருக்காது.

வாய்மொழித் தேர்வும் திரையில்தான் நடந்தது. தேர்வாளர் ஒருவர், சமூகப்பணியாளர்கள் ஆன்மிகப் பேச்சைப் பதிவு செய்யாமல் விட்டது அலட்சியமா, பாதுகாப்பா என்று கேட்டார். நல்ல கேள்வி. என் தரவில் இரண்டும் இருந்தன. படிவத்தில் இடமில்லை, பயிற்சி இல்லை என்றவர்கள் ஒரு பக்கம். 'அந்தக் குடும்பம் என்னிடம் நம்பிச் சொன்னது, ஃபைலை எல்லோரும் படிப்பார்கள், அதனால் வேண்டுமென்றே எழுதவில்லை' என்றவர்கள் மறுபக்கம். இரண்டாம் வகையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை, ஆய்வின் பலமே அவர்கள்தான். முழு மனிதனையும் கோப்புக்குள் கொண்டுவந்தாக வேண்டும் என்ற துறையின் ஆர்வத்துக்கு அவர்கள் ஒரு எல்லை போட்டார்கள். எல்லாவற்றையும் பதிவு செய்வது கவனிப்பாகவும் இருக்கலாம், கண்காணிப்பாகவும் ஆகலாம். இந்தப் பகுதியை இன்னும் விரித்து எழுதச் சொல்லித் திருத்தம் தந்தார்கள். திருத்தங்களுக்கு ஒரு அட்டவணை போட்டு, தேர்வாளர் சொன்னது, நான் செய்தது, பக்க எண் என்று அனுப்பினால் இரண்டாம் சுற்று பெரும்பாலும் தேவைப்படாது.

பட்டம் வந்த பிறகு பங்கேற்றவர்களுக்கெல்லாம் கண்டதை இரண்டு பக்கத்தில் எளிய மொழியில் எழுதி அனுப்பினேன். அதை நெறிமுறை விண்ணப்பத்திலேயே உறுதி சொல்லியிருந்தேன், பலரும் சொல்லிவிட்டு மறந்துபோகிற உறுதி அது. பங்கேற்றவர்களில் ஒருவர் தன் குழுவில் படிவத்தை மாற்றும் பேச்சுக்கு அதைப் பயன்படுத்தியதாக எழுதியிருந்தார். ஆய்வேட்டை முழுசாகப் படித்தவர்கள் என்று பார்த்தால் நெறியாளர்கள், தேர்வாளர்கள், அப்புறம் என் அக்கா. அக்காகூட முறையியல் அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விட்டதாகச் சந்தேகம்.